முதல் பக்கத்தில் கிடந்த பதினான்கு கடிதங்கள்

கிள்ளான்
3 ஆகஸ்ட் 1998

அண்ணாவுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தாள். இதில் அந்தச் சொல் இல்லை, தேட வேண்டாம்.

என் மகளுக்குக் காது குத்தியாயிற்று. ஜூலை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் கோயிலில். கார்டு அனுப்பியிருந்தேனே, அதே நாள், அதே நேரம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது இவர் வீட்டு முறை. பத்தர் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று தடவை கேட்டார்: "தாய்மாமன் எங்கம்மா? நேரம் போகுது." எனக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன், அவர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார், கோமுட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம், ஆனாலும் வரமாட்டார் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? கடைசியில் இவருடைய கூட்டாளி விஜயன் உட்கார்ந்தார். நம் அம்மாவின் பெயரை வைத்த குழந்தை, புனிதவதி, சுங்கை பூலோவிலிருந்து வந்த யாரோ ஒருவர் மடியில் கிடந்து அழுதது.

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குத்தான் புத்தி இல்லை. போன வருடம் பிப்ரவரியில், சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கேங்மேன் சின்னையாவின்ர மகனைக் கட்டினால், இந்த வாய் இனி உன்னோட கதைக்காது." நீங்கள் ரயில்வே ஆபீஸில் கோப்பு எழுதும் பெரிய கிராணி, அவர் அப்பா தண்டவாளத்தில் கல் அள்ளிப் போட்டவர். அதுதானே? சரி, வாய் கதைக்க வேண்டாம். கை இருக்கிறதே! அந்தக் கம்ப்யூட்டரை உங்கள் மேசையில் வைத்து, மோடம் பூட்டி, இமெயில் கணக்குத் திறந்து, எந்த விசை எதற்கு என்று படித்துப் படித்துச் சொல்லித் தந்தவள் நான்தானே? பதினெட்டு மாதம், அண்ணா. குழந்தை பிறந்ததற்குக்கூட ஒரு வரி இல்லை.

நான் முதலில் எழுதியிருக்கலாம்தான். எழுதவில்லை. நானும் உங்கள் தங்கச்சிதானே.

இவருடைய கம்பெனியில் ஆட்குறைப்பு. பிந்துலுவில் வேலை கிடைத்திருக்கிறது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நாங்கள் மூன்று பேரும் கடல் தாண்டி சரவாக்குக்குப் போகிறோம். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. பிள்ளையின் காதில் இப்போது வெறும் கம்பிதான் கிடக்கிறது. முதல் தோடு தாய்மாமன் போட வேண்டியது என்று மாமியார் யாரையும் போட விடவில்லை. பிந்துலுவுக்குப் போனதும் நானே போட்டுவிடுவேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சாவி இத்துடன் இருக்கிறது. பதில் வேண்டாம்.

குணேஸ்வரி

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
7.8.98

குணேஸ்வரிக்கு,

உன் 3.8.98 தேதியிட்ட கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. அதில் கண்டுள்ள குற்றச்சாட்டுகளுக்கு என் பதில் பின்வருமாறு.

முதலாவது, பதினெட்டு மாதமாக நான் ஒரு வரி எழுதவில்லை என்பது. வாசித்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மார்க்கிரட் வந்து, "என்ன மிஸ்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட பிறகுதான் எழும்பினேன். எழுதவில்லையா! நான் உனக்குப் பதினான்கு இமெயில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் தேதியும் என் நோட்டுப் புத்தகத்தில் உண்டு. முதலாவது 14.12.97, உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று இதே மார்க்கிரட் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்ன அன்று. வாய் கதைக்காது என்றுதான் நான் சொன்னேன். விரல் அடிக்காது என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டல் இரண்டு என்று முறையாக, எல்லாம் நீ திறந்து தந்த அதே கோப்பிலேயே அனுப்பினேன். பதில் வரவில்லை. பதில் தராமலிருப்பது உன் உரிமை என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன சொல் அப்படிப்பட்டது.

மே மாதம், "என்னை மன்னித்திருந்தால் ஒரு கார்டு போடு, வருகிறேன்" என்று எழுதினேன். ஜூனில் உன் கார்டு வந்தது. உள்ளே ஒரு வரிகூட நீ எழுதவில்லை. ஆனாலும் கார்டு வந்ததே, அதுதானே நான் கேட்டது! அன்று முழுக்க அதை மேசையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே பதில் எழுதினேன்: கிள்ளான் ஸ்டேஷனில் ஒன்பதரைக்கு இறங்குவேன், உன் மாப்பிள்ளை வந்து என்னை அழைத்துக்கொண்டு போக வேண்டும். தாய்மாமனை எதிர்கொண்டு அழைப்பது அவர்கள் ஆக்களின் முறை. முப்பது வருடம் ரயில்வே குவாட்டர்ஸ் பக்கத்தில் இருந்தவனுக்கு அது தெரியாதா?

ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை, நாலு மணி நேரம், அந்த பெஞ்சில் இருந்தேன். வேஷ்டி, சால்வை, மடியில் தட்டு, சட்டைப்பையில் தோடு. ஒருவரும் வரவில்லை. கோயிலுக்கு வழி தெரியாமல் பட்டுச் சட்டை போட்ட ஒரு பொடியன் வந்து, "அங்கிள், கோயிலுக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டான். கிள்ளான் ஸ்டேஷனில் நாலு வருடம் வேலை செய்தவன் நான், வழி சொல்லிக் கொடுத்தேன். "நீங்க வரலியா அங்கிள்? வேஷ்டியெல்லாம் கட்டியிருக்கீங்க?" என்றான். "என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆக்கள் வருவினம், தம்பி" என்று சொன்னேன்.

வேண்டுமென்றே என்னை நிற்க வைத்தாய், அதைக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை என்று வாயை மூடிக்கொண்டு ரயிலேறினேன். ஆனால், நிற்க வைத்ததும் போதாமல், 'நீ வரவில்லை' என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். இது உன் வீட்டுச் சாவி.

மு

*

கிள்ளான்
11 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணா,

அந்தச் சொல் இருக்கிறது, பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பதினான்காம்! அண்ணா என்ன நாடகம் ஆடுகிறார், பொய் சொல்கிறார் என்று காட்டாமல் விடக்கூடாது என்றே இன்று தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனதும் இமெயில் பெட்டியைத் திறந்தேன். ஆனால் 'அதே கோப்பில்' என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சொல் பஸ்ஸில் போகும்போதே என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

என் திரையில் கடிதங்கள் படமெல்லாம் இல்லாமல் வெறும் எழுத்தாக, கடிதத்துக்கு ஒரு வரியாக வரும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது. முக்கால்வாசி ஃபேக்டரி கம்ப்யூட்டர்கள் தாமாக அனுப்பும் அறிக்கை. அதனால் ஒரு கடிதமும் அதற்கு வந்த பதில்களும் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்படி அமைத்திருந்தேன். அப்படிச் சேர்ந்து நிற்பதற்கு இழை என்று பெயர். இடம் போதாததால் ஒவ்வொரு இழையையும் மடித்து, மேல் வரி மட்டும் தெரியும்படி வைத்திருந்தேன். இழைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று சொல்ல அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு. 'இழையின் முதல் கடிதம் எந்தத் தேதியோ, அந்தத் தேதியில் வை' என்று நான் எழுதியிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் நேரே கடைசி வரிக்குத் தாண்டு என்று இன்னொன்று. புதுக் கடிதம் கடைசியில்தானே இருக்கும்? மேலே ஏறிப் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து?

இன்று அந்த ஒரு வரியை மாற்றினேன். முதல் கடிதத்தின் தேதி வேண்டாம், கடைசிக் கடிதத்தின் தேதிப்படி அடுக்கு என்று. மாற்றி, சேமித்து, திரும்பத் திறந்தேன்.

அண்ணா, ஓர் இழை முதல் பக்கத்தின் உச்சியிலிருந்து கழன்று, இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளைத் தாண்டி, கீழே வந்து நின்றது. மேல் வரி என்ன தெரியுமா? 'டெஸ்ட்.' போன வருடம் ஜனவரி பதினொன்றில், உங்களுக்குக் காட்டித் தருவதற்காக நான் அனுப்பின கடிதம். எனக்கும் ஒரு பிரதி போட்டிருந்தேன். மடிப்பை விரித்தேன். முத்துக்குமாரு, முத்துக்குமாரு, முத்துக்குமாரு என்று திரை நிறைய நீங்கள்.

நான் கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து சீட் ராதாகிருஷ்ணன் ஓடி வந்து, "என்ன லா, சிஸ்டம் டவுனா?" என்று கேட்டார். திரையைக் கையால் காட்டினேன்.

ஒவ்வொரு தடவையும் நீங்கள் அந்த 'டெஸ்ட்' கடிதத்தைத் தேடித் திறந்து, ஆர் விசையை அழுத்திப் பதில் எழுதியிருக்கிறீர்கள். புதுக் கடிதம் என்று ஒன்று தொடங்கவே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு விஷயத்துக்கு ஒரே கோப்பு. சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில்கூட இதைச் சொல்லுவீர்களே! "கோப்பு இருக்கேக்க புதுக் கோப்பு திறக்கிறவன் கிளார்க்கே இல்லை." ஆகவே நீங்கள் அடித்ததெல்லாம் ஜனவரி '97-இல் போய்ச் சேர்ந்தது. நான் ஆகஸ்ட் '98-இன் அடியில் உட்கார்ந்துகொண்டு உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை நானே தமிழில் எழுதிப் பார்த்தேன். "பிள்ளை பிறந்ததாக அறிந்தேன். தாயும் சேயும் நலமா? ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும்." இது முதலாவது. "நினைவூட்டல் 3. பிள்ளையின் பெயர் என்ன? பெயர் தெரியாமல் கோயிலில் அர்ச்சனை செய்ய முடியவில்லை." இதை வாசித்தபோது கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "சின்னையா எனக்கு ஒரு தீங்கும் செய்தவரல்ல. நான் அன்று சொன்னது பிழை. எழுத்தில் பதிவு செய்கிறேன்." இது மார்ச்சில். மார்ச்சில் அண்ணா! இவருடைய அப்பா ஜூன் ஒன்றாம் தேதி இறந்தார். அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கலாம்.

கடைசிக் கடிதம் ஜூலை பதின்மூன்று. "நாலு மணி நேரம். விளங்கிவிட்டது." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பிந்துலுவுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பட்டுச் சட்டைப் பொடியன் என்று எழுதினீர்களே, அது விஜயன். சாயங்காலம் போன் பண்ணிக் கேட்டேன். "ஆமா தங்கச்சி, ஒரு அங்கிள்தான் வழி சொன்னாரு" என்றார். கோயிலுக்கு வந்ததும் அவர் எங்களிடம் சொன்னார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஸ்டேஷன்ல பாவம் ஒரு பெரியவரு, தட்ட மடியில வச்சிக்கிட்டு யாருக்கோ வெயிட் பண்றாரு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரோ கூப்பிட மறந்துட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குச் சட்டை மாற்றப் போய்விட்டேன்.

கோயிலிலிருந்து ஸ்டேஷன் கூப்பிடு தூரம். என் அண்ணா, நீங்கள் அங்கே இருந்திருக்கிறீர்கள். நான் யாரோ என்று விட்டுவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். சோற்றுத் தட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். "என்ன லா இது, நாலு மணி நேரமா? பைக்ல ரெண்டு நிமிசம்! ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா நான் தூக்கிட்டு வந்திருப்பேனே" என்றார். பிறகு சாப்பிடவில்லை.

என்னை என்ன செய்யப்போகிறீர்கள்?

குணேஸ்

பி.கு. இனி ஆர் விசையைத் தொட வேண்டாம். எம் விசையை அழுத்துங்கள். புதுக் கடிதம் திறக்கும்.

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
15 ஆகஸ்ட்

குணேஸ்,

உன் கடிதத்தை முதல் நாள் முழுக்க வாசிக்க முடியவில்லை. 'அது விஜயன்' என்ற இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் மிச்சத்தை வாசித்தேன். இன்று மூன்றாம் நாள். இதற்குக் கோப்பு எண், தேதிவாரிப் பதில் எதுவும் என்னால் போட முடியாது.

என் மடியில் இருக்க வேண்டிய பிள்ளையை வைத்திருக்கப் போனவனுக்கு நானே கையை நீட்டி வழி காட்டியிருக்கிறேன். "நேரே போய், சந்தியில வலப்பக்கம் திரும்பு தம்பி, கோபுரம் தெரியும்." சொல்லிவிட்டு, அவன் சரியாகத் திரும்புகிறானா என்று எழும்பி நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்ப பெஞ்சில் இருந்தேன். மூன்று நாளாக இதுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவனுக்குச் சொன்ன வழி எனக்குத் தெரியாதா? நடந்தால் பத்து நிமிடம். என் கால் ஏன் நடக்கவில்லை?

உன் கம்ப்யூட்டரில் பிழை இல்லை. நீ எழுதிய அந்த ஒரு வரியிலும் பிழை இல்லை, அதைச் சொல்லி அழாதே. கடிதம் கிடைக்காமல் போனதால் மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வரவில்லை, அது ஒரு விஷயம். அழைக்க ஆள் வந்தால்தான் எழும்புவேன் என்று நான் இருந்தேனே, அது எந்த விசையை அழுத்தியதால் வந்தது? உன் பிள்ளைக்குக் காது குத்துகிறார்கள், மேளச் சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது. கேட்டுக்கொண்டு இருந்தேன். மரியாதையாம்! எனக்கு என்னை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

சின்னையா இறந்ததை நீ எழுதித்தான் அறிகிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்? எண்பத்து மூன்றில் வெள்ளம் வந்தபோது அவர்தான் நம் வீட்டு அலுமாரியை மேசை மேல் ஏற்றித் தந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. வாசலில் நின்று குடித்தார். உள்ளே வரச்சொல்லி நான் சொல்லவில்லை. அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்டதை நான் ஒரு கோப்புக்குள் பதிவு செய்துவிட்டு, காரியம் முடிந்தது என்று ஐந்து மாதம் இருந்திருக்கிறேன். கிளார்க்குத்தனம் என்றால் இதுதான்.

தோடு இன்னும் அதே சட்டைப்பையில்தான் இருக்கிறது. சட்டையைத் தோய்க்கக்கூட இல்லை. நீங்கள் பன்னிரண்டாம் தேதி போவதற்குள் நான் ஒரு முறை வரட்டுமா? மாட்டேன் என்று நீ சொன்னால் அதுவும் சரி. ஆனால் இந்த முறை பதில் போடு.

அண்ணா

*

கிள்ளான்
18 ஆகஸ்ட் 1998

அண்ணா,

இதென்ன கேள்வி, வரட்டுமா என்று! ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மாமியார் பவுனம்மாள் உங்கள் கடிதத்தை என்னை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சின்னையா மாமா வாசலில் நின்று டீ குடித்த இடம் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீட்டு டீ நல்லா இருக்கும்னு சொல்லுவாரு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இவர் ஸ்டேஷனுக்கு வருவார். எந்த ரயில் என்று சொல்ல வேண்டாம், முதல் ரயிலுக்கே வந்து நிற்பேன் என்கிறார். விஜயனும் வருகிறாராம். "அங்கிள் மூஞ்சிய எப்படிப் பாக்கப் போறேன்" என்று போனில் புலம்புகிறார். தட்டு எடுத்து வந்து முறைப்படி அழைப்பார்கள்.

பிள்ளையின் காதில் கம்பிதான் இருக்கிறது. நான் தொடவில்லை.

குணேஸ்

*

அனுப்புநர்: முத்துக்குமாரு
தேதி: வியாழன், 20 ஆகஸ்ட் 1998
பொருள்: புனிதவதி

குணேஸ்,

எம் விசையை அழுத்தினேன். பொருள் என்ன என்று கேட்டது. பிள்ளையின் பெயரைப் போட்டேன். இது பழைய கடிதத்துக்குப் பதில் அல்ல, உன் திரையில் கடைசி வரியாக நிற்க வேண்டும். அங்கே நிற்கவில்லை என்றால் மேலே ஏறித் தேடு, இந்த முறை விட்டுவிடாதே.

ஞாயிறு காலை வருகிறேன். ஸ்டேஷனுக்கு ஒருவரும் வரக் கூடாது. தட்டும் வேண்டாம், முறையும் வேண்டாம். மாப்பிள்ளையிடமும் அந்த விஜயன் தம்பியிடமும் நான் சொன்னதாகக் கண்டிப்பாகச் சொல்லிவிடு. நான் நடந்து வருவேன். வரும் வழியில் கோயிலில் பிள்ளையின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்ய வேண்டும், பெயர்தான் இப்போது தெரியுமே. அதற்குப் பிறகு உன் வீடு. கவரின் பின்னால் விலாசம் இருக்கிறது.

மாமியாரிடம் எனக்கு ஒரு டீ போடச் சொல். அதை நான் வாசலில் நின்றுதான் குடிப்பேன். அவ உள்ளே வா என்று சொன்னால் மட்டும் வருவேன். சொல்லாவிட்டால் தோட்டை அங்கேயே உன் கையில் தந்துவிட்டுத் திரும்புகிறேன்.

கேட் மணியை அடிக்க மாட்டேன். வெளியே நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், வாயால். பதினெட்டு மாதம் கூப்பிடாத பெயர், குரல் எப்படி வருமோ தெரியாது. யாரோ என்று நினைத்து உள்ளே இருந்துவிடாதே. அது நான்தான்.

அண்ணா